கார்பைட் விளக்கும் கல்யாண ஆரத்தியும்

தனலெட்சுமிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை கோலாலம்பூரில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் சயன்ஸ் வாத்தியார் என்ற செய்தி கிள்ளான் கடைத்தெருவில் பரவியபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அவளுடைய அத்தை ஒருத்தியைத் தவிர. பினாங்கில் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார் ஏதோ திராவகத்தைக் கை தவறிக் கொட்டிவிட்டாராம். அது மேசையை ஓட்டை போட்டு, தரையை ஓட்டை போட்டு, தரைக்கு அடியில் இருந்த மண்ணையும் துளைத்துக்கொண்டு போனதாம். யாரோ சொன்ன இந்தக் கதையை அத்தை நிச்சயதார்த்தத்திலிருந்து கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆளு கைபட்ட தட்டுல நீ எப்படிடி சாப்பிடுவ?"

"தட்டு கழுவப் போறது நான்தானே அத்தை" என்றாள் தனலெட்சுமி.

அவளுக்கு உள்ளூரப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, அப்பாவின் மளிகைக்கடையில் புளியும் மிளகாயும் நிறுத்துக் கொடுத்து வளர்ந்தவள் அவள். பால் தயிராகிறதே, தயிர் ஏன் திரும்பப் பாலாவதில்லை என்று சின்ன வயதில் கேட்டதற்குக் கிடைத்த பதில் தலையில் ஒரு குட்டு. அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாளே தவிர, யோசிப்பதை நிறுத்தவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் தை மாதம், கிள்ளான் கோயிலில் காலை முகூர்த்தத்தில் நாகையா அவள் கழுத்தில் தாலி கட்டினான். மத்தியானச் சாப்பாடும் மிச்சச் சடங்குகளும் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு சாயங்கால ரயிலில் ஏறினார்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஜன்னலுக்கு வெளியே ஓடும் ரப்பர் மரங்களைப் பார்த்தான். அவள் தலை குனிந்தபடி அவன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகளில் கறுப்பாகக் கறை படிந்திருந்தது. அத்தை சொன்ன கதை சட்டென்று நினைவுக்கு வந்தது. ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். அவள் பார்ப்பதைக் கவனித்துவிட்ட நாகையா, இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டான். அவன் காது மடல் சிவந்துபோனதைப் பார்த்ததும் அவளுடைய பயத்தில் பாதி போய்விட்டது.

பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் நின்றது. தண்டவாளத்தில் எருமைகள் படுத்திருந்தன. அவற்றுக்கு எழுந்திருக்க மனமில்லை. டிரைவர் ஊதிப் பார்த்தார், இறங்கிப் போய்த் திட்டிப் பார்த்தார், கடைசியில் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து எருமைகளின் சொந்தக்காரர் சாவகாசமாக வந்து ஓட்டிக்கொண்டு போனார். கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு ரயில் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில், தாலி கட்டி முடிந்ததுமே ஊர்வல வேலைக்காகத் திரும்பி வந்துவிட்ட நாகையாவின் அண்ணன் தம்புசாமி தவித்துக்கொண்டிருந்தார். ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர். தம்பியின் கல்யாண ஊர்வலத்தைப் பற்றித் தாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேச வேண்டும் என்று ஒரு மாதமாக ஏற்பாடு செய்திருந்தார். கூரை மடக்கிய மோட்டார் கார், கார் முழுக்கப் பூ, நாதஸ்வரம், தவில், இரண்டு பக்கமும் தலையில் கார்பைட் விளக்குச் சுமந்து வரும் ஆட்கள். விளக்குகளை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தவர் கன்னையா. அந்த வட்டாரத்தில் அவர் விளக்கு இல்லாமல் கல்யாணமும் நடக்காது, திருவிழாவும் நடக்காது.

மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறினார்கள். நாதஸ்வரம் முழங்கியது. விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிய, ஊர்வலம் பிரிக்பீல்ட்ஸை நோக்கி நகர்ந்தது. தெருவின் இருபுறமும் சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். தனலெட்சுமிக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாகவும், பார்க்காமல் இருக்க முடியாமலும் இருந்தது. காற்றில் மல்லிகை வாசனையோடு வேறொரு வாடையும் வந்தது. பூண்டு நசுக்கின மாதிரி. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். விளக்குகளிலிருந்துதான்.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால் முதல் விளக்கு மங்கியது. பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா விளக்குகளும் சொல்லி வைத்த மாதிரி சுருங்கிச் சுருங்கி, நீல மொட்டாகி, அணைந்துபோயின. தவில்காரர் அடியை நிறுத்தினார். ஊர்வலம் இருட்டில் நின்றது.

"என்ன கன்னையா இது, மானம் போவுது" என்றார் தம்புசாமி.

கன்னையா ஒரு விளக்கைக் கீழே இறக்கி, மேல் தொட்டியின் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். "தண்ணி விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. இன்னும் கொஞ்சம் விட்டா பிடிச்சுக்கும்."

நாகையா காரிலிருந்து எட்டிப் பார்த்தான். ரயில் முழுக்க வாய் திறக்காமல் வந்த அந்த மனிதனுக்குத் திடீரென்று உயிர் வந்தது. மாலையும் பட்டு வேட்டியுமாகக் காரைவிட்டுக் குதித்தான்.

"டேய், மாப்பிள்ளை நடுவழியில இறங்கக் கூடாதுடா" என்று தம்புசாமி தடுத்தது அவன் காதில் விழவே இல்லை.

"கன்னையாண்ணே, இனிமே கிள்ளான் ஆத்தையே கொண்டாந்து ஊத்தினாலும் எரியாது. உள்ள கார்பைட் கல்லு தீர்ந்துபோச்சு."

"கல்லு இருக்கே வாத்தியாரே. இந்தா பாருங்க, நெறைய இருக்கு." கன்னையா அடித்தொட்டியைத் திறந்து காட்டினார்.

யாரோ ஓர் அரிக்கேன் லாந்தரைத் தூரத்தில் பிடித்தார்கள். உள்ளே வெள்ளையாகக் கூழ் மாதிரி ஏதோ இருந்தது.

"இது கல்லு இல்லண்ணே. கல்லா இருந்தது. எத்தனை மணிக்கு ஏத்துனீங்க?"

"ரயில் வர்ற நேரத்துக்கு ஏத்தினேன். ரயிலு வரலையே. நின்னுக்கிட்டே எரிஞ்சிச்சு."

"அதான். நீங்க செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்ல. எருமை செஞ்ச தப்பு."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போது காரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்ப கல்லு எங்க போச்சு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண் நெற்றிச்சுட்டியும் ஜடை நாகமுமாக, காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி இருந்தாள். கேட்டுவிட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட வந்த பெண்களில் யாரோ ஒருத்தி அவள் முதுகில் கிள்ளினாள்.

நாகையா மட்டும், இந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் காத்திருந்தவன் மாதிரி, அந்தத் தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்தான்.

"எங்கயும் போகல. கார்பைட் கல்லும் தண்ணியும் சேர்ந்தா ரெண்டும் வேற ரெண்டா மாறிடும். ஒண்ணு வாயு. அதுதான் மேல வந்து எரிஞ்சது, அதோட வாடைதான் வழியெல்லாம் அடிச்சது."

"வாயு மட்டுமா அந்த வாடை? பூண்டு மாதிரி இருந்துச்சு."

அவன் தொட்டியை முகர்ந்து பார்த்தான். "நீ சொல்றது சரி. சுத்தமான வாயுவுக்கு அந்த வாடை இருக்காது. கல்லுல கலந்திருக்கிற அழுக்குதான் அப்படி நாறுது. இன்னொண்ணு, இதோ இந்த வெள்ளை. வெறும் சுண்ணாம்பு."

"வெத்திலைக்குப் போடற சுண்ணாம்பா?"

"அதே சரக்குதான்."

"காய வச்சா திரும்பக் கல்லாயிடுமா?"

"ஆகாது. சீனியைத் தண்ணியில கரைச்சா, தண்ணிய வத்த வச்சுத் திரும்ப சீனிய எடுத்துடலாம். அது வெறும் கரையறது. இது அப்படி இல்ல. பழைய பொருள் போய் புதுப் பொருள் வந்துடுச்சு. அதுக்குத்தான் ரசாயன மாற்றம்னு பேரு."

தயிர் என்று அவள் மனதுக்குள் ஒரு மணி அடித்தது. சிறு வயதில் வாங்கிய குட்டு இப்போது வலிக்காமல் இனித்தது.

"புதுசு வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"வா, காட்டறேன்."

மணப்பெண் காரைவிட்டு இறங்கலாமா கூடாதா என்று பெண்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவள் இறங்கிவிட்டாள். நாகையா அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினான். முதலில் லாந்தரை இன்னும் தள்ளிப் போகச் சொன்னான். சுருட்டும் பீடியும் பிடித்துக்கொண்டிருந்தவர்களை எதிர் சாரிக்கு அனுப்பினான். கன்னையாவின் கைவண்டியில் புதுக் கார்பைட் டின் இருந்தது. பழைய கூழை வழித்து ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு, சாம்பல் நிறத்தில் கரடுமுரடான புதுக் கல்லை ஒவ்வொரு விளக்கிலும் நிரப்பினார்கள். கடைசி விளக்கை அவன் தனலெட்சுமியின் முன்னால் வைத்தான்.

"திருகாணியை மெதுவாத் திருப்பு. சொட்டுச் சொட்டா விழணும்."

அவள் திருப்பினாள். உள்ளே புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

"காது சொல்லுது, வாயு வருது. இப்ப தொட்டியைத் தொட்டுப் பாரு."

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் சுடவே ஆரம்பித்தது. பச்சைத் தண்ணீர், குளிர்ந்த கல். அடுப்பு எதுவும் இல்லை.

"நெருப்பே இல்லாம சூடாகுதே."

"மாறும்போது சூட்டை வெளிய விடுது. சத்தம், சூடு, வாடை, நிறம். உள்ள ஏதோ மாறுதுன்னு இதெல்லாம்தான் நமக்குச் சேதி சொல்லுது."

கன்னையா நீளக் குச்சியால் நெருப்பு வைத்தார். விளக்கு பளிச்சென்று பிடித்துக்கொண்டது. அந்த வெளிச்சத்தில் அவள் முதன்முறையாகத் தன் கணவனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். மூக்கு நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவள் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலேயே அவனும் சிரித்தான். தவில்காரர் அதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே ஒரு தட்டுத் தட்டினார். ஊர்வலம் மறுபடி கிளம்பியது.

வீட்டு வாசலில் தம்புசாமியின் மனைவி இராஜம்மா தாம்பாளத்தோடு நின்றாள். ஆனால் அவள் முகம் சரியாக இல்லை. தாம்பாளத்தில் இருந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால்தானே ஆரத்தி சிவக்கும். ரயில் வரத் தாமதமானதில், காத்திருந்த விருந்தாளிகள் வெற்றிலை போட்டுப் போட்டு வீட்டில் இருந்த சுண்ணாம்பை ஒட்டத் துடைத்துவிட்டார்கள். பக்கத்து வீடுகளிலும் அதே கதை. கடைக்குப் போனவன் கடை பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டான்.

"மஞ்சத் தண்ணியைச் சுத்தி எப்படி உள்ள விடறது" என்று இராஜம்மா கண் கலங்கினாள். "காலையிலேருந்து பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நின்றார்கள். ஆளுக்கு ஒன்றாக யோசனை சொன்னார்கள். தனலெட்சுமி கன்னையாவின் தகர டப்பாவைப் பார்த்தாள். பிறகு நாகையாவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, விளக்குல இருந்து வழிச்சீங்களே, அது சுண்ணாம்புதானே?"

"ஆமா."

"நிச்சயமா?"

நாகையா அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த வியப்பை அவள் பிற்பாடு பல நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். "கன்னையாண்ணே, அந்த டப்பாவைக் கொஞ்சம் கொண்டாங்க" என்றான்.

"ஐயோ, விளக்குக் கசடையா ஆரத்தியில போடறது" என்றாள் இராஜம்மா.

"போட்டுப் பாருங்கக்கா" என்றாள் தனலெட்சுமி. "சுண்ணாம்பா இருந்தா சிவக்கும். இல்லேன்னா மஞ்சளாவே இருக்கும். கேட்டுடலாம் அதையே."

இராஜம்மா வெற்றிலைக் காம்பு நுனியில் கொஞ்சம் தொட்டுத் தாம்பாளத்தில் கலக்கினாள். காம்பு போன வழியெல்லாம் சிவப்புக் கோடு விழுந்தது. கோடு விரிந்தது, சுழன்றது, தாம்பாளம் முழுக்கக் குங்குமச் சிவப்பாகியது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து சிரிப்பாக முடிந்தது.

"லேசாப் பூண்டு வாடை அடிக்குது லா" என்றார் தம்புசாமி.

"அடிக்கட்டும். கண்ணு வைக்க வர்றவன் வாசல்லயே திரும்பிப் போயிடுவான்" என்றாள் இராஜம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று முறை சுற்றி, ஆரத்தியைத் தெருவில் கொட்டினாள். தனலெட்சுமி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது நாகையா கேட்டான். "உனக்கு எப்படி அது தோணுச்சு?"

அவள் யோசித்தாள். "புதுப் பொருள் வந்துடுச்சுன்னு சொன்னீங்க. சுண்ணாம்புன்னா அது சுண்ணாம்பு செய்யற வேலையைச் செய்யணும் இல்லையா. சிப்பியைச் சுட்டு வந்தா என்ன, விளக்குல இருந்து வந்தா என்ன."

நாகையா காப்பியைக் கீழே வைத்துவிட்டான். "இதைத்தான் என் கிளாஸ்ல ஒரு பருவம் பூரா சொல்லிக் குடுக்கறேன், தனம். பையன்களுக்கு மண்டையில ஏறல."

"நீங்க என்ன சொல்லி ஆரம்பிப்பீங்க?"

"ரெண்டு பொருள் சேர்ந்து புதுப் பொருள் உண்டாவதே ரசாயன மாற்றம் அப்படின்னு, இங்கிலீஷ்ல."

"தூங்கிடுவாங்க" என்றாள். சொன்ன பிறகு பயந்தாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் பயம் தெளிந்தது. அதே தைரியத்தில், ரயிலில் பார்த்த விரல் கறையைப் பற்றியும் கேட்டாள். வெள்ளி கலந்த ஒரு உப்பு கையில் பட்டது, வெளிச்சத்தில் கறுத்துவிட்டது, புதுத் தோல் வளர்ந்ததும் போய்விடும் என்று சொல்லி, மறைத்து வைத்திருந்த கையை அவள் முன்னால் நீட்டினான். ஓட்டை எதுவும் இல்லை என்று அவள் சாட்சி சொன்னாள். கிள்ளானுக்கு எழுதும்போது அத்தைக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து பள்ளிக்குப் போன அன்று நாகையா சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பாடத்தை அந்த இங்கிலீஷ் வாக்கியத்தோடு ஆரம்பிக்கவில்லையாம். ஒரு கல்யாண ஊர்வலத்தில் விளக்கு அணைந்த கதையோடு ஆரம்பித்தானாம். மாப்பிள்ளை யார் என்று கண்டுபிடித்ததும் பையன்கள் மேசையைத் தட்டினார்களாம். கல் எங்கே போனது என்று அவன் கேட்டதற்குப் பத்துக் கைகள் உயர்ந்தனவாம்.

"எரிஞ்சு காணாமப் போச்சுன்னு ஒருத்தன் சொன்னான். அப்படியில்ல, கல்லும் தண்ணியும் எவ்வளவு எடையோ அதே எடைதான் வாயுவும் சுண்ணாம்புமா இருக்கும்னு சொன்னேன். நம்பல. நாளைக்கு மூடின பாத்திரத்துல வேற ரெண்டு பொருளைச் சேர்த்து, தராசுல வச்சுக் காட்டப் போறேன்."

"தராசை எனக்கும் காட்டுவீங்களா?" என்றாள் தனலெட்சுமி. "கடையில நிறுத்த கை. சும்மா இருக்க மாட்டேங்குது."

அந்த வாரச் சனிக்கிழமை, தலைமையாசிரியரிடம் கேட்டுச் சாவி வாங்கிக்கொண்டு வந்தான் நாகையா. புதுப் பெண் பெண்துணை இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போவது சரிப்படாது என்று இராஜம்மாவும் துணைக்குக் கிளம்பினாள். துணைக்கு என்பது பேச்சுக்குத்தான். ஆரத்தி சிவந்ததிலிருந்து, அந்த அறையில் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

யாருமில்லாத சோதனைக்கூடத்தில் ஜன்னல் வெயில் கண்ணாடிக் குப்பிகளில் பட்டு மேசை முழுக்க நிறம் தெளித்திருந்தது. தனலெட்சுமி ஒரு குப்பியின் முன்னால் நின்றுவிட்டாள். மயிலின் கழுத்து நீலம்.

"இது மயில்துத்தம். எங்க கடையில புண்ணுக்கு மருந்துன்னு வாங்கிட்டுப் போவாங்க."

"அதேதான். வாயில வச்சுடாதீங்க, விஷம்." நாகையா அதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்தான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். "இரும்பு ஏதாவது வேணும். ஆணி எங்க வச்சேன்?"

தனலெட்சுமி கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். அவன் அதை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தான். அவள் நீலத் தண்ணீரில் பாதி முக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, வெளியே எடுத்தாள். முக்கின பாதி செக்கச் செவேலென்று இருந்தது.

"ஆத்தாடி" என்றாள் இராஜம்மா. "சிவப்பு எங்கேருந்து வந்துச்சு? தண்ணி நீலமால்ல இருந்துச்சு."

"செம்பு, அண்ணி. நீலத்துக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. இரும்பு உள்ள எறங்க, செம்பு வெளிய வந்து ஊசி மேல ஒக்காந்துக்குது."

"இடத்தை மாத்திக்கிட்டாங்க, அவ்வளவுதானே" என்றாள் இராஜம்மா. "இதுக்கு ஏன் இவ்வளவு படிக்கணும்?" சொல்லிக்கொண்டே தன் கொண்டையிலும் கை வைத்தாள். ஒன்று, இன்னொன்று, அதற்கப்புறம் மிச்சமிருந்த ஊசியெல்லாம். உப்புத்தாளை நாகையாவின் கையிலிருந்து பிடுங்கித் தானே தேய்த்தாள். கடைசியில் தண்ணீரின் நீலம் வெளிறிப்போயிருப்பதைத் தனலெட்சுமிதான் கவனித்தாள். செம்பு தீர்ந்துகொண்டு வருகிறதா என்று கேட்டாள். தீர்ந்துகொண்டுதான் வருகிறது என்றான் நாகையா, அவளைப் பார்த்துக்கொண்டே. இராஜம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, ஊசிகளையும் கழுவித் துடைத்து, இரண்டு பெண்களும் செம்பு ஏறின பாதி வெளியே தெரியும்படி கொண்டையில் செருகிக்கொண்டார்கள். வெயிலில் அவை மின்ன, பேசிச் சிரித்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீதி வழியே நடந்து வந்தார்கள். நாகையா இரண்டடி பின்னால் வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த தம்புசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ரெண்டு பேர் தலையிலயும் மின்னுது? தங்கமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு இராஜம்மா நிற்காமல் உள்ளே போனாள். தனலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். என்ன ஏது என்று தம்பியிடமிருந்து விஷயத்தைக் கறந்தார் தம்புசாமி. அடுத்த சனிக்கிழமை அவர்கள் மறுபடி சோதனைக்கூடத்துக்குக் கிளம்பும்போது, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டறையில் கழித்துப் போட்ட பெரிய இரும்பு போல்ட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி, வாசலில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.